ரோஜாத் தொட்டியில் ஊற்றிய நீலம்

அன்பும் அதட்டலும் ஒருங்கே நிறைந்த என் மனைவிக்கு,

மண் பரிசோதனைக்கூட உதவியாளனாகிய உன் கணவன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருத்தன்தான். பேத்தி பள்ளிக்கூடம் சேரும்வரை உன்னை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று மகள் என் சம்மதம் கேட்டிருந்தாள். பேஷாக இரு. எனக்கு ஒரு குறையும் இல்லை. விரிப்பு, திரை, உறை எல்லாம் துவைத்து மடித்தாயிற்று.

கீழ்வீட்டு நர்ஸம்மா போன் பண்ணி ஏதாவது சொன்னால் நம்பாதே. நடந்தது இதுதான். களிமண் கரைசல்ல நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு, மண்ணு எவ்வளவு பிடிக்குதுன்னு பார்ப்போமில்லையா, அதுல மிச்சம் அரை பாட்டில். "சாக்கடையில கொட்டாதய்யா, களிமண் தொட்டியில ஊத்து"ன்னார் ஆபீசர். அந்தத் தொட்டி ஆபீஸ் பின்கட்டுல இருக்கு. ஆறு மணிக்கு நீ போன் பண்ணுவியே, அந்த அவசரத்துல வீட்டுக்கே கொண்டாந்து பால்கனியில உன் ரோஜாத் தொட்டியில ஊத்திட்டேன். சாயத்துக்கு நேர் மின்னூட்டம், களிமண்ணுக்கு எதிர் மின்னூட்டம், ஒட்டிக்கிட்டா குடம் குடமா தண்ணி விட்டாலும் பிரியாது, இருபத்தெட்டு வருஷமா பார்க்கிறவனாச்சே! வேர் அழுகக் கூடாதுன்னு நீ தொட்டி முழுக்க மணலை ரொப்பி வச்சது எனக்கு எப்படித் தெரியும்? மணலுக்கு அந்தப் பிடிப்பு ஏது? அடியில ஒழுகி, கீழே காய்ஞ்ச நர்ஸம்மாவோட வெள்ளைச் சீருடை மூணும் நீலம். "ஏன் சார், வயசுக்கேத்த வேலையா இது?"ன்னு அந்தம்மா கத்த, "பொறுங்கம்மா, மண்ணு இழுத்துக்கும்"னு களிமண்ணைக் குழைச்சு அப்பினேன். கொஞ்சம் இழுக்கத்தான் செஞ்சது. மீதி துணியை விடமாட்டேன்னுடுச்சு. இப்ப அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு இளநீலத்துல போறாங்க, என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க.

இவ்வளவுக்கும் அன்னிக்கு நீ பேசினது ரெண்டே நிமிஷம். "பாப்பா அழறா, வைக்கிறேன்"ன்னே. எனக்கு அதுல வருத்தமே இல்லை. சாப்பிடறப்ப ரெண்டு தட்டு எடுத்துவச்சு, ஒண்ணைத் திரும்ப அடுக்கறது நல்ல உடற்பயிற்சி. ரோஜா பிழைச்சுக்கிச்சு. தொட்டியில களிமண் கலந்துட்டேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். பேத்தியின் கன்னங்களுக்குத் தலா ஒரு முத்தம். சாவகாசமாக வரவும்.

இப்படிக்கு,
எக்குறையுமில்லாத உன் கணவன்

பி.கு.: எல்லாம் துவைச்சேன்னு எழுதினது பொய். உன் தலையணை உறையைத் துவைக்கலை. உன் தலை எண்ணெய் வாசனை அதுல இருந்தது. நேத்து மோந்து பார்த்தேன், பாதிகூட இல்லை. நீலம் எத்தனை சோப்பு போட்டும் போகலை, இது சும்மா வச்சிருந்தாலே போயிடுதேடி. சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கிட்டேன்னு மகள்கிட்ட சொல்லிடு. நீ கிளம்பி வா.