சீதனக் காணியில் ஒரு முதுகலை

கம்பஸ் வாசலை மிதிக்காமலே கம்பஸ் படிக்கிற ஓர் இனம் இப்போது நம்மிடையே பெருகி வருகிறது. அதிலும், "பல்துறைக் கலையில் முதுகலை" என்று சொல்லிக்கொண்டு குசினியையும் கோழிக்கூட்டையும் கலைக்கூடமாக்கி, எங்கோ குளிர்நாட்டிலிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இணையவழியே கணக்குக் காட்டுகிற பிரிவு ஒன்று உண்டே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், கடிக்காது.

அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் படம் கீறுவார்கள். இவர் "ஒரு செயல்முறைக்குள்" இருப்பார். சும்மா படுத்திருந்தால் அது ஆய்வு. பாதியில் விட்டுவிட்டால் அது திறந்த முடிவு. தேங்காய் திருவிக் கொடுக்கச் சொன்னால் திருவலையைத் தலைகீழாகப் பிடித்து, சுவரில் விழும் அதன் நிழலை அரை மணித்தியாலம் பார்ப்பார். கறிக்குத் தேங்காய்ப்பூ வருமா? வராது. நிழல்தான் வரும்.

தீவக ஊரான மடத்துவெளியின் நிமலன் மாஸ்டர் இந்த இனத்தில் அசல் வித்து. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவர். மனைவி துஷாந்தி தபாற்கந்தோரில் வேலை. படிப்புத் தொடங்கிய நாளிலிருந்து புல்லுச் செருக்குவது, கூரை பார்ப்பது, பிள்ளைகளின் கணக்குப் பாடம் எல்லாம் அவள் தலையில். "படிக்கிற மனிசன்தானே" என்று அவளும் விட்டுக்கொடுத்தாள். வீட்டில் சிக்னல் இல்லையென்று வகுப்பு நாட்களில் நிமலன் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்விடுவார். அவருக்குப் பின்னால் நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் பிள்ளை குட்டியோடும் அர்ச்சனைத் தட்டோடும் படகுக்கு இடிபடும். திரையில் தெரிகிற மேற்பார்வையாளர் அம்மையார், "இந்தப் பின்னணியை எப்படி அமைத்தாய்?" என்று உருகிப் போவார். நிமலன் மறுக்கமாட்டார். "கனநாளாகத் திட்டமிட்டேன்" என்பார்.

அந்த அம்மையார்தான் இறுதிப் படைப்புக்கும் வழி சொன்னார். "உன்னைச் சுற்றியிருக்கிற எல்லைகளைக் கேள்விக்கு உட்படுத்து."

அவர் என்ன கண்டார், பாவம்! அவருடைய ஊரில் எல்லை என்பது ஒரு கருத்து. நம்முடைய ஊரில் எல்லை என்பது வழக்கு, வாய்த்தர்க்கம், மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லாமை. அதனால்தான் இங்கே வேலி அடைப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் நின்று பார்க்கவேண்டும். வேலிக்கு ஊன்றிய பழைய கதியால் தடி நிற்க, அதை ஒட்டித்தான் புதுக் கதியாலை நடவேண்டும். பழசைப் பிடுங்கிவிட்டுப் புதுசு தேடிப் போகிற மடையன் தீவகத்தில் பிறக்கவில்லை என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

துஷாந்தி தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியாவுக்குப் போயிருந்த கிழமை, நிமலன் அவளுடைய சீதனக் காணியின் வடக்கு வேலியைப் பிரித்தார். ஓலையை மட்டுமா? கதியால்களையும் அலவாங்குக் கம்பி போட்டுக் கிளப்பினார். கிளப்பிய குழிகள் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று அவற்றை மூடி, மிதித்து, மேலே கடற்கரை மணலும் தூவினார். கதியால்களை முற்றத்தில் சங்குச் சுழியாக அடுக்கி, "எல்லையின்மை" என்று பெயர் வைத்தார். அடுத்த காணிக்காரர் தியாகலிங்கத்தார், சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர், தானே வந்து தோள் கொடுத்துத் தூக்கினார்.

"நல்ல விசயம் தம்பி. எல்லை என்னத்துக்கு மனிசருக்கு?"

நிமலனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் தன்னை விளங்கிக்கொள்ள ஒரு ஆளாவது இருக்கிறதே!

படமெல்லாம் எடுத்து முடிந்ததும் தியாகலிங்கத்தார் மறுபடி வந்தார். "நீர் படிக்கிற பிள்ளை, உமக்கு ஏன் கரைச்சல்? நானே ஆளைப் பிடிச்சு வேலியை அடைச்சு விடுறன்." அன்றே நூல் பிடித்தார், நட்டார், கட்டினார். நிமலன் அதையும் படம் பிடித்து, "சமூகப் பங்கேற்பு" என்று தலைப்புப் போட்டு அனுப்பினார். அந்த நூல் எவ்வளவு அழகான நேர்கோடு என்று வியந்தாரே தவிர, அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவில்லை.

பார்த்தது துஷாந்தி. பஸ்ஸால் இறங்கி, பையை வாசலில் வைத்துவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்பு வேலிக்கு இப்பால் தாராளமாக உள்ளே நின்ற கிணறு அது. இப்போது வேலி வந்து கிணற்றுக் கட்டின் நடுவில் முட்டி, மற்றப் பக்கத்தில் மறுபடி தொடங்கிப் போயிற்று. பாதிக் கிணறு அங்கே. அங்கே ஒரு மோட்டரும் பூட்டியிருந்தது.

சாதாரணக் கிணறா அது? சுற்றுவட்டாரத்தில் எல்லாம் சவர்த் தண்ணீர். குடிக்க உதவுகிற ஒரே கிணறு இதுதான். அந்தக் கிணற்றைக் கண்டுதான் நிமலன் வீட்டார் இந்தச் சம்பந்தத்துக்கே ஓம் சொன்னார்கள். தியாகலிங்கத்தார் கேட்டு அள்ளியபோது துஷாந்தி ஒருநாளும் இல்லையென்றதில்லை. வாளியால் அள்ளினால் ஊறும். மோட்டர் போட்டு மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்தால் உப்பு ஏறிவிடும், அவ்வளவுதான்.

"இஞ்சருங்கோ, வேலி முந்தி எங்கை நிண்டது?"

"அது... அங்கினைக்கைதான்."

"நீங்கள் படமெடுத்தனீங்கள்தானே, காட்டுங்கோ."

காட்டினார். நூற்றுக்கணக்கான படங்கள். ஓலையில் விழுந்த வெயில். கட்டுக் கயிற்றின் முடிச்சு. கதியால் பட்டையில் ஊருகிற கட்டெறும்பு, பென்னாம் பெரிதாக. எல்லாம் கிட்டத்திலிருந்து எடுத்தவை. வேலி எங்கே நின்றது என்று சொல்ல ஒரு படம், ஒரேயொரு படம் இல்லை. தள்ளி நின்று எடுப்பது கலியாணவீட்டுப் படக்காரன் வேலை என்று இவர்கள் இனத்தில் ஒரு எண்ணம்.

காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். பாட்டன் காலத்து எழுத்து: "வடக்கெல்லை, வேலி." நல்லது. வேலி இருக்கிறதே!

நிமலன் தியாகலிங்கத்தாரிடம் போனார். "அண்ணை, வேலி கொஞ்சம் உள்ளுக்கை வந்திட்டுது போல..."

"என்ன தம்பி, எல்லை எண்டதே பொய் எண்டு நீர்தானே எனக்கு விளங்கப்படுத்தினனீர்?"

நிமலன் வீட்டுக்கு வந்து அந்த வசனத்தையும் ஆய்வுக் குறிப்பில் எழுதி வைத்தார்.

சில மாதத்தில் முடிவு வந்தது. அதிவிசேட சித்தி, அதாவது ஆக உயர்ந்த தேர்ச்சி. படைப்பின் உச்சம், அயலவர் தன்னியல்பாகத் தண்ணீரைப் பொதுவாக்கிய தருணம் என்று பரீட்சகர்கள் ஒரு பந்தி எழுதியிருந்தார்கள். சேதி எப்படியோ வேலி தாண்டிப் போய், தியாகலிங்கத்தார் கிணற்றுக் கட்டில் கையூன்றி எட்டிப் பார்த்துக் கேட்டார்: "மாஸ்டர், என்ர வேலிக்குத்தானே மாக்ஸ் போட்டவங்கள்? எனக்கும் ஒரு சேட்டிபிக்கற் எடுக்க ஏலாதோ?"

துஷாந்தி இப்போது தியாகலிங்கத்தார் மோட்டர் போடுவதற்கு முந்திக்கொள்ளவேண்டும் என்று விடிய எழும்பி, இரண்டு வாளியோடு கிணற்றடிக்கு ஓடுகிறாள். ஒருநாள் அவள் அள்ளிய தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினாள். கோபிக்கவில்லை, கத்தவில்லை. "கரிக்குது" என்று மட்டும் சொன்னாள். நிமலனுக்கு வெட்கமாக இருந்தது, எழுந்து போய் வாளியை வாங்கவேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் கலாநிதிப் பட்டத்துக்கான முன்மொழிவில் ஒரு பந்தி மிச்சம் இருந்தது.

சிரிக்கிறீர்கள். நான் எங்கே, அந்த மனிசன் எங்கே என்று ஆறுதல்படுகிறீர்கள். சரி. நீங்கள் ஏதோ பெரிய காரியத்தில் இருக்கிறீர்கள் என்று நம்பி, உங்கள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பாரே? எழுந்து போய் அவருடைய வாளியை ஒருதரம் வாங்குங்கள்.

"இதை வாசித்து முடித்துவிட்டுப் போகிறேன்" என்று இப்போது வாய்வரை வந்ததல்லவா? அதுதான் இந்த இனத்தின் அடையாளம்.