செப்புச் சாமியின் நீலத் தண்ணீர்

மலேசியாவின் குளுவாங்கில் ஒரு கடைவீட்டு மாடி திடீரென்று புண்ணியத் தலமாகிவிட்டது. சர்க்கரைப் புண், தீப்புண், முகப்பரு எல்லாம் வரிசையாகப் படியேறின. காரணம், செப்புச் சாமி. வெறும் மந்திரத்துக்கு இன்று யார் மயங்குவார்கள்? சாமி விவரமானவர். விஞ்ஞானத்தையும் சேர்த்துக்கொண்டார்.

“செம்பைப் பிடிச்சுக்கிற பெப்டைட்! வெள்ளைக்காரன் லேப்ல வச்சுப் பாக்கிறான். நான் மூச்சுக்காத்தால தண்ணியில இறக்குறேன். செம்பு இறங்கினதாலதான் நீலமா இருக்கு பாருங்க!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லாரி ஓட்டும் லெட்சுமணனும் போட்டுக்கொண்டார். அவருக்குக் காலில் சர்க்கரைப் புண். கிளினிக்கில் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, நீலத் தண்ணீரில் காலைக் கழுவினார். புண் பெரிதானது.

“உள்ள இருக்கிற கெட்டது வெளிய வருது” என்றார் சாமி.

லெட்சுமணனின் மகள் லோஷினிக்கு ஜொகூர் பாருவில் ஆய்வுக்கூட வேலை. இதே பெப்டைடை, அதாவது செம்பைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் புரதத் துண்டைத்தான் அவள் தட்டில் வளரும் தோல் செல்களில் சோதிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் அப்பாவின் காலைப் பார்த்துப் பதறினாள்.

“அப்பா, தட்டுல செல்லு நல்லா வளருது, அவ்ளோதான். உங்க புண்ணு ஆறும்னு நாங்களே இன்னும் சொல்லல.”

“நீ படிச்சது அவ்ளோதான் லா. சாமி அதுக்கும் மேல.”

மறுநாள் அவளும் அப்பாவோடு படியேறினாள். சாமியின் பூசைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தையே கேட்டு வாங்கி, நீலத் தண்ணீரில் பிழிந்தாள். நீலம் ஊதாவாகி, ரோஜா நிறமானது.

“செம்பு இப்படி ரோஜா நிறமா மாறாது சாமி.”

“சோதிச்சா தீர்த்தத்துக்குக் கோபம் வரும்! செவந்துடுச்சு பாத்தியா?”

கூட்டம் நடுங்கியது. லோஷினி கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ருக்னுதீனைக் கூப்பிட்டு, ஒரு கிளாஸ் நீலச் சங்குப்பூ சர்பத் கொண்டுவரச் சொன்னாள். அதிலும் அதே பழத்தைப் பிழிந்தாள். அதே ரோஜா நிறம்.

“பாய் கடை சர்பத்துக்கும் கோபமா சாமி?”

“அலமாக்!” என்று திடுக்கிட்டார் ருக்னுதீன். “சாமி நம்மகிட்டதான் காஞ்ச சங்குப்பூ வாங்குறாரு. டீ போடத்தான்னு நெனச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். லெட்சுமணன் மட்டும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பூத்தண்ணியிலயாம்மா கழுவிக்கிட்டு இருந்தேன்?”

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கினார். வெட்டவேண்டி வராமல் கால்விரல் தப்பியது, புண் மெல்ல ஆறியது.

சாமி இப்போது செடெனாக் ஊரில் இருக்கிறாராம். தண்ணீர் மஞ்சளாம், பெயர் ‘குவாண்டம்’ தீர்த்தமாம். அங்கேயும் கூட்டம் அலைமோதுகிறதாம். புரியாத சொல் காதில் விழுந்ததும் கை கூப்பாதீர்கள் ஐயா, ‘எப்படி?’ என்று கேளுங்கள். உண்மையான விஞ்ஞானம் கேள்விக்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது.