குடைக்குக் கீழே நின்ற ஆள்

உலகத்திலேயே கஞ்சாக் கடை வாசலில் நின்று தமிழரின் மானத்தைக் காத்த ஒரே மனிதர் எங்கள் குடை அண்ணைதான். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், "பேர் அறிஞ்சு என்ன செய்யப்போறீர்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அரசாங்கம் நடத்தும் கஞ்சாக் கடை ஒன்றின் கார் தரிப்பிடத்துக்கு அவர் காவல். ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர், பழக்கம் விடவில்லை. யார் காரைப் பின்னுக்கு எடுத்தாலும் பின்பக்கத்தில் படபடவென்று தட்டி, "வரட்டும், வரட்டும்... ஹோல்டோன்!" என்று கத்துவார். வெள்ளைக்காரர்கள் பயந்துபோய் பிரேக்கை மிதிப்பார்கள். காருக்குள் இருந்து புகைப்பவர்களின் கண்ணாடியில் தட்டி, "மிசியே, இஞ்ச ஊதப்படாது, வீட்ட போய் ஊதும்" என்று தமிழில்தான் சொல்வார். அவர்களும் "பார்டோன்" கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு விளக்கு அணைந்தால் தன்னை வேலைக்கு வைத்த காவல் கம்பனிக்கு ஒரே நாளில் மூன்று தரம் போன் எடுப்பார். வேலியோரப் பற்றைக்குள் கள்ளன் ஒளிக்கலாம் என்று சந்தேகப்பட்டு, வீட்டிலிருந்து கத்தி கொண்டுவந்து ஒரே மத்தியானத்தில் அதை மொட்டையடித்தார்.

ஆனால் குடைதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அந்தக் கடைக்கு வரும் தமிழர்கள் கொலை செய்துவிட்டு வந்தவர்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. ஆகவே தமிழ் முகம் எது இறங்கினாலும் பெரிய கறுப்புக் குடையை விரித்து, கடைக் கதவு வரை கொண்டுபோய் விடுவார். கொளுத்தும் வெயிலிலும் குடை, மூக்கு உறையும் குளிரிலும் குடை. விளைவு? எதிரே பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்குக் குடையைக் கண்டதும் விளங்கிவிடும். "அந்தா, எங்கட ஆள் ஒண்டு போகுது!"

நான் நகரத்தின் மறுபக்கம், கோட்-டெ-நெய்ஜில் இருந்து அவ்வளவு தூரம் போனதே தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படக்கூடாது என்றுதான். மனைவிக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றிய நாட்களில் சோற்று மணத்துக்கே சத்தி எடுப்பாள். கஞ்சா எண்ணெய் கொஞ்சம் சுகம் தரலாம் என்று டாக்குத்தரே சொன்னார். நானோ ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிக்கிறவன். முதல் நாள் காரைவிட்டு இறங்க முன்னமே தலைக்கு மேல் குடை விரிந்துவிட்டது.

"தமிழோ?"

"ஓம்."

"ஆருக்கு?"

"மனிசிக்கு."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து கதவுக்குக் கிட்டிய இடத்தை எனக்காகப் பிடித்து வைத்தார்.

கம்பனி இரண்டு தரம் எச்சரித்தது. கமெராவில் முகம் விழ வேண்டும், குடை மறைக்கிறது, இன்னொரு தரம் கண்டால் வேலை போய்விடும் என்றார்கள். அறுபத்து மூன்று வயது மனிதருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"குடையை விடுங்கோ அண்ணை," என்றேன்.

"கமெரா கடைக்குக் காவல். உமக்கு ஆர் காவல்?"

மாசி மாத மத்தியானம் ஒன்றில், அவர் என்னைக் குடைக்குள் வைத்துக் காருக்குக் கூட்டிப் போனார். பின்னால் வந்த வயதான பிரெஞ்சுக்காரப் பெண்ணை ஒருவன் தள்ளி விழுத்திக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அண்ணை குடையை என் கையில் திணித்துவிட்டுத் துரத்தினார். ஐஸில் சறுக்கி விழுந்தார். அந்தப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் கிடக்கிறது. நான் என்ன செய்தேன்? அம்புலன்ஸ் வர முன்னமே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

கமெராவில் கள்ளனின் முகம் விழவில்லை. குடைதான் விழுந்திருந்தது, கீழே என்னுடைய இரண்டு கால்களும்.

அடுத்த கிழமை அண்ணை நொண்டி நொண்டி என் காரடிக்கு வந்தார். "திங்கக்கிழமை விசாரணை வைக்கினம். குடைக்குக் கீழ நிண்டவன் கள்ளன்ர கூட்டாளியோ எண்டு கேக்கினம்."

நான் போய், அது நான்தான், நோயாளிக்கு வாங்க வந்தவன் என்று சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும். வேலையும் தப்பியிருக்கலாம். ஆனால் நான் கோயில் சனத்தை நினைத்தேன். "பேந்து கதைப்பம் அண்ணை," என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எனக்கு ஆளைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."

திங்கட்கிழமை அவருக்கு வேலை போய்விட்டது.

சித்திரையில் மனைவி கண்ணை மூடினாள். ஒரேயொரு நாள் அவளும் என்னோடு காரில் வந்து, கண்ணாடி வழியே அண்ணையோடு கதைத்திருந்தாள். தமிழ்க் கடையில் ஒட்டிய மரண அறிவித்தலில் அவளுடைய படத்தைக் கண்டு அண்ணை அடக்கத்துக்கு வந்துவிட்டார். பிறகு கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது, நெற்றி நிறைய விபூதியோடு கடைசிக் கதிரையில் ஒதுங்கியிருந்தவரைப் பங்குச் சபைத் தலைவர் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் இவையளுக்கு எப்பிடிப் பழக்கம்?"

"நானோ? நான்... முந்தி உங்கட கோயில் பாட்டுக் குழுவில பாடினனான்," என்றார் அண்ணை, விபூதி அசையாமல்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "பொய்," என்றேன் எல்லாருக்கும் கேட்க. "அண்ணை கஞ்சாக் கடையில காவல் நிண்டவர். நான் மனிசிக்கு எண்ணெய் வாங்கப் போகேக்க என்னை மறைச்சவர். நான் வாய் திறக்காததாலதான் அவருக்கு வேலை போனது."



"உமக்கென்ன விசரே?" என்று அண்ணை பல்லைக் கடித்தார். "இவ்வளவு நாளும் நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சு!"

அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், குடும்பத்தார் இருந்த வரிசையில் என் பக்கத்தில் இருத்தினேன். எழும்பப் பார்த்தார். நான் விடவில்லை.