ஐந்தாவது இசைத்தட்டு

என் காதின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று அந்த வாரம் முடிவெடுத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குக் கண்தானே முக்கியம் என்பீர்கள். அது வயிற்றுப்பாட்டுக்கு. நான் மனிதனாக வாழ்வது காதால்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை.

அந்த நேரத்தில் எங்கள் கூடத்தில் ஜாஸ் சங்கம் கூடும். உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவன் நான். அடுத்தவர் பல் டாக்டர். மூன்றாமவர் லிஃப்ட் மெக்கானிக்; கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வது அவருடைய கொள்கை. பதினோரு வருஷமாகப் பாட்டுக் கேட்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். எல்லாம் சாக்ஸபோன் வாசிக்கும் இரண்டு மேதைகளைப் பற்றி. ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் அருவி. மூச்சு விடாமல் கொட்டுவார். டாக்டர் அவர் கட்சி. திறந்த வாயை மூட விடாத தொழில் செய்கிறவருக்கு வேறு யாரைப் பிடிக்கும்? என் ஆள் இடைவெளி. ஒரு ஸ்வரம் வாசிப்பார், பிறகு யோசிப்பார். அடுத்தது வருமா வராதா என்று நமக்கு வேர்த்துவிடும். அவர் பெருமையில் பாதி, வாசிக்காமல் விட்டதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பக்குவம் வேண்டும். டாக்டருக்கு அது இல்லை என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடித்து வந்து, சமைத்து, துவைத்து, ஞாயிறு மதியம்தான் கட்டிலைப் பார்ப்பாள். கட்டிலுக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவே பேருக்கு ஒரு சுவர் இருந்தது.

"ஏங்க, வேற எங்கயாவது வச்சுக்கக் கூடாதா? தூங்காம போய் ஊசி போடறப்போ கை நடுங்குது" என்றாள்.

வேறு எங்கே போவது? டாக்டர் வீட்டில் அவர் மனைவி பிறப்பித்த தடை உத்தரவு அமலில் இருந்தது. மெக்கானிக் வீட்டில் கால் நீட்டவே முறை வைத்திருந்தார்கள். இது சத்தம் இல்லை, இசை என்று விளக்கினேன்.

"ரெண்டு பேர் ஊதறதும் ஒண்ணாத்தான் கேக்குது. உங்களுக்கும் அப்படித்தான். தட்டோட அட்டையைப் பாத்துட்டுத் தலையாட்டறீங்க."

அட்டையைப் பார்த்து ஆட்டுகிறேனாம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அங்கேயே போட்டியை அறிவித்தேன். திரைக்குப் பின்னால் அவள் ஐந்து இசைத்தட்டுகளைப் போட வேண்டும். யாருடைய தட்டு என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஐந்தும் சரியென்றால் ஞாயிறு பற்றி அவள் இனி வாயே திறக்கக் கூடாது.

"ஒண்ணு தப்பினாலும் சங்கம் காலி. சரியா?" என்றாள்.

சரி என்றேன். பாவம், அவளை நினைத்து எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஞாயிறு வந்தது. முதல் தட்டை மூன்றே நொடியில் சொல்லிவிட்டோம். இரண்டாவது அருவி. ஹாஸ்டலில் பேட்டரி தீரப்போகும் ரேடியோவை ஜன்னல் கம்பியில் அழுத்திப் பிடித்து அவரை முதன்முதலில் கேட்ட கதையை டாக்டர் நூறாவது தடவையாகச் சொன்னார். மூன்றாவது என் ஆள். இசைத்தட்டுக் கடை வாசலில் மூன்று மணி நேரம் நின்று அவரைக் கேட்டதையும், கடைக்காரர் என்னைத் திருடன் என்று சந்தேகப்பட்டதையும் நான் சொன்னேன். நாலாவதற்கு மெக்கானிக் உருகிப்போனார். பழுதான லிஃப்டின் ஒலிபெருக்கியில்தான் அவர் அருவியைக் கண்டுபிடித்தாராம். பாட்டு முடியும்வரை ரிப்பேர் பண்ண மனசு வரவில்லையாம். உள்ளே ஏழு பேர் இருந்தார்களாம்.

ஐந்தாவது தட்டு சுழன்றது. டப்... ஸ்ஸ்... டப்... ஸ்ஸ்.

நான் விரலை உயர்த்தினேன். டிரம்ஸைக் குச்சியால் தட்டவில்லை, பிரஷ்ஷால் வருடுகிறார்கள் என்று விளக்கினேன். சாக்ஸபோன் இன்னும் நுழையவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. இந்தத் துணிச்சல் உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

"மூச்சு மட்டும் லேசா கேக்குது, தலைவரே. தூங்கறவங்க மூச்சு மாதிரி" என்றார் மெக்கானிக்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் என் ஆளைப் புரிந்துகொண்டதாகத் தழுதழுத்தார். நான் எழுந்து நின்று, இடைவெளி என்று தீர்ப்புச் சொன்னேன். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. விலக்கிப் பார்த்தேன்.

என் மனைவி நாற்காலியில் தலையணையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டு அருவியுடையது. பாட்டெல்லாம் முடிந்த இடத்தில், கடைசி வளையத்தில், முள் சும்மா உரசிக்கொண்டிருந்தது. அவள் முள்ளை வைத்ததே அங்கேதான்.

இது செல்லாது, இதில் வாசிப்பே இல்லை என்று கத்தினேன். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"யார் தட்டுன்னுதானே போட்டி. ஒவ்வொரு வாரமும் நீங்க சண்டையில முள்ளைத் தூக்க மறந்துடுவீங்க. இந்தச் சத்தத்தைக் கேட்டு எந்திரிச்சு வந்து நான்தான் தூக்குவேன். பதினோரு வருஷமா நான் கேட்ட ஜாஸ் இதுதாங்க."

டாக்டர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அருவியின் தட்டுக்கு இடைவெளி என்று கண்ணீர் விட்டவர் வேறென்ன செய்வார்? அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். நாங்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தட்டுப் பெட்டியோடு படி இறங்கினோம்.

பாதிப் படியில் மெக்கானிக் என் காதருகே குனிந்தார். "என்ன இருந்தாலும் தலைவரே, இன்னிக்குக் கேட்டதுல அஞ்சாவதுதான் பிரமாதம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.