படுதா அக்காவின் இரண்டு கைகள்

கேட்ட வார்த்தை தப்பு என்பதற்காக, வந்த வாடகையையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பக்கூடிய ஆள் ஆரணியில் படுதா அக்கா ஒருவர்தான்.

மூடிப்போன விசைத்தறிக் கூடம் ஒன்றில் நாடகச் சாமான்களை அடுக்கி வைத்து, திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார். பட்டப்பெயர் மட்டும் அவருக்கு ஆகாது. "படுதான்னா தொங்கும். நான் எங்கயாவது தொங்கிகினு இருக்கறேனா?" என்பார்.

காடோ அரண்மனையோ வரைந்து பின்னால் தொங்கவிட்டால் அது படுதா. சட்டம் அடித்து நிறுத்தினால் தட்டி. கயிற்றை இழுத்தால் திறந்து மூடுவது மட்டுமே திரை. இதில் அவரிடம் சமரசம் கிடையாது.

ஒரு ஜவுளிக்கடை முதலாளி, விழா மேடையின் பின்பக்கம் மாட்ட "நல்ல திரையா ஒண்ணு அனுப்புங்க" என்றார். அக்கா திரையை முன்னால் கட்டி, கயிற்றோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். கடை வளர்ந்த கதையில் முதலாளி தாத்தாவை முடித்து அப்பாவுக்கு வருவதற்குள் திரை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து மைக்கில் குரல் மட்டும் வந்தது: "யாருப்பா அது?"

"திரைன்னு கேட்டீங்க. திரைன்னா மூடும்" என்றார் அக்கா. அன்றைக்கு விழுந்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். கல்லூரி விழாவுக்கு நானே நாடகம் எழுதி நானே நடித்தேன். தறியை நிறுத்திவிட்டு அப்பா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசிக் காட்சியில் நெசவாளி மகள் பையை மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் படிக்கப் போவாள். அக்காவிடம் போய் மேடைக்கு ஒரு வீடு கேட்டேன்.

"வாசலப் பாக்கப் போறியா, வாசல்ல போகப் போறியா?"

"போகணுங்க."

"அப்ப தட்டிதான். படுதாவுல வாசல் சும்மா வரைஞ்சிருக்கும். தேசூர்ல ஒரு ராஜா அதுக்குள்ள போறேன்னு போயி, பின்னால செவுத்துல மூக்க ஒடச்சிகினாரு."

விழாவன்று நான் பையை மாட்டும் நேரத்தில், தட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை மடார் என்று விழுந்தது. வாசல் என்னை நோக்கிச் சாய்ந்தது. முன்வரிசை சிரிக்கத் தயாரானது. அதற்கு அடுத்த வரிசையில் அப்பா. சாய்ந்த வாசல் பாதியில் நின்றது, மெல்ல நிமிர்ந்தது. தாண்டினேன். அந்தப் பக்கம் அக்கா இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பாத்துகினு நிக்கற? போ ஜல்தி."

நாடகம் முடிந்தது. திரை மட்டும் மூடவில்லை. அம்மா வேஷம் போட்டவள் அழுது முடித்து, வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து அழுதாள். கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார். "ஊர்ல எல்லாருக்கும் திரைய மூடுவீங்க. எங்க பொண்ணுக்கு மட்டும் மூடலியே?"

அக்கா கையை உதறிக்கொண்டார். "கயிறு அந்தக் கோடியில கீதுங்க, கைய எடுத்தா வாசல் சாஞ்சிடும். பாப்பா மொதல்ல தாண்டட்டும்னு வாசலப் புடிச்சிகினு இருந்தேன்."

எழுத்தில்தான் அவர் படுதா அக்கா. நேரில், அன்றிலிருந்து எனக்கு வெறும் அக்கா.