வென்ற ஆட்டத்துக்கு ஓர் ஆட்சேபணை மனு

விதிமுறை தெரிந்தவனால் ஊருக்கு நன்மை என்று, அரசு அலுவலகத்தில் இருந்த முப்பத்து நான்கு ஆண்டும் நம்பினேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கால்பந்துக் கோப்பையைத் தொலைத்துத்தான் அந்த நம்பிக்கையை விட்டேன்.

சதுரங்கப்பட்டினம் கால்பந்து அணியின் உரிமையாளர் தணிகாசலம். மீன் ஏலத்துக்கு ஐஸ் ஏற்றி மூன்று சக்கர வண்டி மிதித்தவர். இன்று ஐஸ் கம்பெனி முதலாளி. சின்ன வயதில் ஊர் அணியில் அவரைச் சேர்க்கவில்லையாம். அதனால் அணியையே வாங்கிவிட்டார். அவருக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: "பந்து உள்ள போவணும் சார், அவ்ளோதான்." மீதி விதிகளுக்காக என்னைச் செயலாளராக வைத்துக்கொண்டார். (சம்பளம் கிடையாது, வாரம் ஒரு கிலோ வஞ்சிரம். நாங்கள் சைவம். மறுப்பதற்கான நடைமுறை எனக்குத் தெரியவில்லை.)

மாமல்லபுரம் போட்டியில் எட்டு ஆண்டாகக் கோப்பை இல்லை. அந்த ஆண்டு இறுதியாட்டத்துக்கு வந்ததுமே தணிகாசலம் ஆபீசில் கண்ணாடி அலமாரி செய்துவிட்டார், பூட்டு சாவியோடு.

எதிரணி கேளம்பாக்கம். ஆட்டத்துக்கு அரை மணி முன், அவர்களுடைய ஒன்பதாம் எண்காரர் செங்கல்பட்டுவாசி என்று கண்டுபிடித்தேன். வெளியூர்க்காரர் ஆடக்கூடாது என்பது விதி. தோற்றால் உதவட்டும் என்று இரண்டு பக்க ஆட்சேபணை மனு எழுதிக் கமிட்டியிடம் கொடுத்தேன். (தணிகாசலத்திடம் சொல்லவில்லை. என் சாமர்த்தியத்தைப் பிறகு காட்டலாம் என்று.)

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், மனு நினைவுக்கு வந்ததால்.

கமிட்டித் தலைவரிடம் ஓடினேன். "அந்த மனுவைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"எப்டி சார்? குடுத்த மனுவ வாபஸ் வாங்கக் கூடாதுன்னு ரூல் கீதே."

"எந்த முட்டாள் எழுதினது?"

"போன வருஷம் நீங்கதான் சார் எழுதிக் குடுத்தீங்க."

உண்மைதான். தேதியில்லாத மனு செல்லாது. கொடுத்தால் வாபஸ் இல்லை. நிரூபணமானால் ஆட்டம் ரத்து, மறு ஆட்டம். இந்தப் போட்டி விதிகள் எல்லாம் என் கைவண்ணம். விசாரித்தார்கள். மனுவில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"இன்னா சார் இது?" என்றார் தணிகாசலம். "கெலிச்ச மேட்ச்சுக்கா பிராது குட்த்த? தோத்தவனே கம்முனு கீறான்!"

மறு ஆட்டத்தில் கேளம்பாக்கத்தார் செங்கல்பட்டுக்காரரை நீக்கிவிட்டு, அதுவரை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரரை இறக்கினார்கள். அவர் நான்கு கோல் போட்டார். அவர்களுடைய கேப்டன் வந்து என் கையைக் குலுக்கினார்: "தேங்க்ஸ் சார். இவன் இப்டி ஆடுவான்னு எங்களுக்கே தெரியாது."

இன்றும் வீட்டில் கேஸ் சிலிண்டர் சொன்ன நாளில் வந்துவிட்டால், என் மனைவி முதலில் பேனாவை ஒளித்துவைக்கிறாள். "நல்லபடியா வந்திருக்கு. மனு கினு எழுதிடாதீங்க."

தணிகாசலம் அலமாரியைக் காலியாக விடவில்லை. மனுவைக் கமிட்டியிடம் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து, உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்: "நம்ம சார் அடிச்ச கோலு. நம்ம போஸ்ட்லயே."

போன மாதம்தான் கண்ணாடி வழியாக அதை நிதானமாகப் படித்தேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. தேதி இல்லை. கமிட்டியும் கவனிக்கவில்லை.

"இன்னா சார், அப்டி உத்துப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. லேமினேஷன் நல்லா இருக்கு" என்றேன்.