செந்தமிழன் லேபில் ஒரு இடம்

"செந்தமிழன் புதுசா லேப் ஆரம்பிக்கிறாராம். எனக்கு அதுல ஒரு இடம்..."

வைஷ்ணவி முடிப்பதற்குள் சரத்குமாருக்குப் புரை ஏறிவிட்டது.

செந்தமிழன் அவளோடு ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்தவன். இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். மூலக்கூறு உயிரியலில் பட்டம் வாங்கிய தன் மனைவி வைஷ்ணவி, அடுத்த கட்டமான போஸ்ட்டாக் ஆய்வு வேலை தேடத் தொடங்கியதிலிருந்து, தினமும் நாலு மணிக்கு அவனோடு வீடியோ கால். தில்லை நகரில் இருக்கும் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, காவிரிப் பாலத்தில் வண்டியை விரட்டி, சரத் ஸ்ரீரங்கம் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே சிரிப்புச் சத்தம். கேட்டால், புரதம் எப்படி மடிகிறது என்ற ஆராய்ச்சிப் பேச்சாம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"உலகத்துல அவன் ஒருத்தன்தான் லேப் வச்சிருக்கானா?"

"முழுசாக் கேளுங்க..."

"அவன் பேரே இந்த வீட்டுல வேண்டாம். வேற எடத்துக்கு அப்ளை பண்ணு. இரு, நானே அனுப்பறேன்."

அனுப்பினான். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பதினெட்டுப் பேருக்கும் அவள் பெயரில் ஒரே கடிதம். முதல் கடிதத்தில் இருந்த பேராசிரியரின் பெயர் மாறாமலே அத்தனை பேருக்கும் போனது.

பதினேழு பேர் பதில் போடவில்லை. டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மாள் மட்டும், 'இது என் பெயர் இல்லை. ஆனால் உங்கள் ஆய்வு பிடித்திருக்கிறது' என்று எழுதி வீடியோ நேர்காணலுக்கு அழைத்துவிட்டாள்.

வைஷ்ணவியின் முகம் வாடியது. "நான் போகணும்னு நெசமாவே ஆசைப்படறீங்களா?"

"பின்னே?" என்றான் வீறாப்பாக. சொல்லிவிட்டானே தவிர, அவளை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை.

நேர்காணலைக் கெடுக்க வேண்டும். சரியான சமயம் பார்த்து மிக்ஸியில் தேங்காய்ச் சட்னியை அரைத்தான். வீடே அதிர்ந்தது.

"என்ன சத்தம்?" என்று அந்த அம்மாள் கேட்டாளாம்.

"என் வீட்டுக்காரர் சமைக்கிறார்."

"அப்படியா! அப்போ ரெண்டு வருஷம் தனியாச் சமாளிச்சுக்குவாரே!"

மறுநாளே வேலை உறுதியானது.

போகட்டும், ஜெர்மனி இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடையில் உட்கார்ந்து மேப்பைத் திறந்தான். டென்மார்க்கும் ஜெர்மனியும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து, ஃபிரேம் மாற்ற வந்தார் மகாலட்சுமி. செந்தமிழனைப் பெற்றவர். சரத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உங்க பையன் இருக்கற ஊர்லேருந்து டென்மார்க் எவ்வளவு தூரம்? ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடலாமா?"

மகாலட்சுமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"ஜெர்மனியைக் காலி பண்ணிட்டு வந்து, அவன் நம்ம திருச்சியிலயே லேப் ஆரம்பிக்கிறான் தம்பி; உங்களை விட்டுட்டுப் போக மனசில்லாம வைஷ்ணவி கெஞ்சிக் கேட்டு வாங்கின இடம், நீங்க டென்மார்க்தான்னு ஒத்தைக்கால்ல நின்னதால, நேத்து வேற ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டானே!"